காயாத சுவருக்கு எதற்குப் பூச்சு? வாட்டர் ப்ரூஃபிங் ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாட்டர் ப்ரூஃபிங், பூச்சு, பெயின்டிங் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் உங்கள் போன் ஓயாது. அப்போது இதைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். நான் வேளச்சேரியில் ஒரு பழைய அடுக்ககத்தின் தரைத்தளத்தில் குடியிருப்பவன். வங்கியில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். வேளச்சேரி, தரைத்தளம் என்று சொன்னதுமே மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் சாலை கொஞ்சம் ஏறும், என் வீட்டு வாசல் கொஞ்சம் இறங்கும். முன்பெல்லாம் மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவோம். இப்போது அரைப்படிதான் மிச்சம். அது மாநகராட்சியோடு எனக்கு இருக்கும் வழக்கு; அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன். இது உங்களோடு.

2023 டிசம்பர் 4ஆம் தேதி. மிக்ஜாம் புயல் மறுநாள்தான் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. ஆனால் கடப்பதற்கு முன்னால் எங்கள் தலைக்கு மேல் கொட்ட வேண்டியதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் போனது. வாசற்படியில் எட்டிப் பார்த்த தண்ணீர், என் மனைவி காபி போட்டு முடிப்பதற்குள் ஹாலுக்கு வந்துவிட்டது. இருட்டுவதற்குள் இடுப்பளவு. கையில் கிடைத்த பத்திரப் பையையும் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிவீட்டுக்கு ஏறினோம். மூன்று நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அந்த மாடிவீட்டுக்காரர்களைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது. தரையில் கறுப்பாக வழவழவென்று ஒரு சேறு, சாக்கடை நாற்றம். சமையலறையில் பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிகள் ஊறி அப்பமாக உப்பியிருந்தன. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுப் புடவைகள் ஒன்றோடொன்று சாயம் ஏறி ஒரே மூட்டையாகக் கிடந்தன. அரசு கொடுத்த 6000 ரூபாய், வீட்டைக் கழுவித் தள்ளுவதற்கே சரியாகப் போயிற்று.

கழுவுவதற்கு வந்தது உங்களில் ஒருவருடைய ஆட்கள். நாலு பையன்கள், ஒரு பிரஷர் பம்பு, ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர். பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கையுறை இல்லாமல், வெறுங்காலோடு சாக்கடைச் சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள். குறை, அவர்களை அப்படி அனுப்பியவர் மேல். தரைக்கறை போகவில்லை என்று ஒரு பையன், பிளீச்சிங் பவுடர் தூவியிருந்த இடத்திலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினான். அடுத்த நிமிடம் கண் எரிந்து, மூச்சு அடைத்து எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம் சூப்பர்வைசர் சம்ப் மூடியைத் திறந்து இன்னொரு பையனை "இறங்குடா" என்றார். என் மனைவி குறுக்கே போய் நின்றுவிட்டாள். "எங்க வீட்டு சம்ப்புல ஒருத்தரும் இறங்கக் கூடாது. நாளெல்லாம் ஆனாலும் சரி, மேல நின்னே கழுவுங்க." மோட்டார் வைத்து இறைத்து, மேலிருந்தே பீய்ச்சிக் கழுவினார்கள். அரைமணி நேரம் கூடுதலாக ஆயிற்று, அவ்வளவுதான். சாக்கடை கலந்த தண்ணீர் நாலு நாள் மூடிக் கிடந்த தொட்டிக்குள் விஷவாயு இருக்குமா இருக்காதா என்பதை ஓர் ஆளை இறக்கியா பார்ப்பார்கள்?

இதெல்லாம் முன்கதை. நான் எழுத வந்தது சுவரைப் பற்றி.

கழுவி முடித்த மூன்றாவது வாரம் உங்களில் இன்னொருவர் வந்தார். நல்ல சட்டை, கையில் டேப்லெட், பேச்சு தேன். சுவரைக் கையால் ஒரு தடவு தடவினார். "நல்லா காஞ்சிடுச்சு சார். டேம்ப் ப்ரூஃப் கோட்டு ரெண்டு, புட்டி ரெண்டு, எமல்ஷன் ரெண்டு. பொங்கலுக்குப் புதுவீடு மாதிரி ஆயிடும்." ஐந்து வருடம் கேரண்டி. 68,000 ரூபாய். பாதி அட்வான்ஸ்.

சொன்ன சொல் தவறவில்லை. பொங்கலன்று வீடு பளபளவென்று இருந்தது. வந்தவர்கள் எல்லாம் ஆளின் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனார்கள். நானும் கொடுத்தேன். இப்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

மாசி முடியும்போது படுக்கையறைச் சுவரில், கட்டிலுக்குப் பின்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். கொசு அடித்த தடமோ என்று விட்டுவிட்டேன். பங்குனியில் அது உள்ளங்கை அகலம் ஆனது, பக்கத்தில் நாலைந்து குட்டிகளும் போட்டது. ஒருநாள் நகத்தால் குத்திப் பார்த்தேன். தோல் கிழிந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் ஒரு கோடாக வழிந்து சுவரோரப் பட்டியில் இறங்கியது. வெளியே கத்திரி வெயிலுக்கு ஒத்திகை நடக்கிறது. உள்ளே டிசம்பர் மாதத் தண்ணீர். கிழிந்த இடத்தில் இரண்டு நாளில் வெள்ளையாகப் பஞ்சு போல் பூத்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

போன் செய்தேன். "சார், அது உங்க வீட்டு ஓதம். எங்க கெமிக்கல்ல தப்பு இல்ல" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். கெமிக்கலில் தப்பே இல்லை. தண்ணீரை விடாமல் தடுக்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது, அப்படியே தடுத்தது. சுவருக்குள் இருந்த தண்ணீரை வெளியே விடாமல் தடுத்தது.

இங்கே 2015ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய அந்த டிசம்பரிலும் எங்கள் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். ஆனால் அந்த வருடம் மகள் கல்யாணம் முடிந்த கையோடு கையில் சல்லிக்காசு இல்லை. பெயின்ட் அடிக்க வழியில்லாமல், உரிந்து வந்த பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டோம். விருந்தாளி வந்தால் கூச்சமாக இருக்கும். ஆடி மாதம்தான் நாலு காசு சேர்ந்து, ஒரு கொத்தனாரைப் பிடித்துச் சுண்ணாம்பு அடித்தோம். ஏழு வருடத்துக்கு மேல், அடுத்த வெள்ளம் வரும்வரை, அந்தச் சுவரில் ஒரு பொருக்கு உதிரவில்லை. காசில்லாததால் காய்ந்த சுவர் அது. காசு வந்தபோது காயவிடாமல் கெடுத்துக்கொண்டேன்.

செங்கல் சுவர் தண்ணீரை எப்படிக் குடிக்கும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நடப்பதைப் பார்த்தால் எடுக்கத் தோன்றுகிறது. வெள்ளம் நின்ற உயரத்தோடு ஈரம் நின்றுவிடாது. திரியில் எண்ணெய் ஏறுவது போல அதற்கு மேலும் ஏறும். இடுப்பளவு தண்ணீர் நின்ற என் வீட்டில் ஓதக்கோடு என் மார்புக்கு நேரே இருந்தது. ஏறியது இறங்கிப் போகாது, முகத்து வழியாக ஆவியாகித்தான் போக வேண்டும். அதற்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று கட்டடக்காரர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் திறந்து காற்று பட்டாலே நாலைந்து மாதம். மார்கழி தை மாதத்துச் சென்னைக் காற்றில் இன்னும் தாமதம். என் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது மூன்று வாரம். புட்டியும் எமல்ஷனும் போட்டு முகத்தை அடைத்த பிறகு தண்ணீர் எங்கே போகும்? போகிற வழியில் சுவரின் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, அடைப்புக்குப் பின்னால் நின்று, பூச்சைத் தள்ளும்.

கையால் தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். இரண்டு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் இப்போது கையடக்கமாகவே கிடைக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உப்பு ஏறிய சுவரில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். மீட்டரே வேண்டாம் என்றால் பாலிதீன் தாள் போதும். ஒரு முழச் சதுரத்துக்கு வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். தாளின் பின்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. இருபது ரூபாய்ச் செலவு. 68,000 ரூபாய் வேலைக்கு முன்னால் இருபது ரூபாய்.

பிறகு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சித்திரையில் ஒரு வயதான கொத்தனார் வந்து, சுத்தியல் பின்பக்கத்தால் சுவரெங்கும் தட்டினார். கெட்டியான இடத்தில் ஓர் ஓசை, பொள்ளலாக இருந்த இடத்தில் வேறு ஓசை. ஓதக்கோட்டுக்கு ஒன்றரை அடி மேல் வரை பூச்சை மொத்தமாகக் கொத்திப் போட்டுவிட்டு, "ஆவணில கூப்பிடுங்க" என்று போய்விட்டார். அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. கொத்திய தூசை மூடாமல் விட்டு, டிவியும் தையல் மிஷினும் நாசமாயின. குப்பையை அள்ளுவதற்கு இன்னொருவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு மாதம் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற அறையில் படுத்தோம். வாரம் ஒருமுறை பூத்த உப்பை, தண்ணீர் தொடாமல், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். ஆவணியில் தாளை ஒட்டிப் பார்த்தேன், வியர்க்கவில்லை. அப்புறம்தான் பூசினோம். இன்றுவரை சுவர் நன்றாக இருக்கிறது.

மின்சாரத்தையும் ஒரு வரியில் விட்டுவிட முடியாது. வெள்ளத்துக்குப் பிறகு ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு இருந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், போடப் போட விழுந்துகொண்டிருந்தது. பெயின்ட் வேலைக்கு வந்திருந்த உங்கள் ஆள், லைட் வேண்டும் என்பதற்காக, "அதை பைபாஸ் பண்ணிடலாம் சார்" என்றார். ஈரச் சுவர், அலுமினிய ஏணி, அதன்மேல் அவரே நிற்கிறார். அவர் உயிரைக் காப்பாற்றுகிற ஒன்றைத்தான் அவர் பிடுங்கப் பார்த்தார். பிறகு வந்த எலக்ட்ரீஷியன் ஒயரின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, சுவருக்குள் போகும் பைப்புகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். கீழ்மட்ட பிளக் பாயின்ட்டுகளின் ஒயரை உருவியபோது பைப்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. பூசிப் பெயின்ட் அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? எலக்ட்ரீஷியன் பார்த்து முடித்த பிறகுதான் நாங்கள் வருவோம் என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டாமா?

சரி, உங்கள் பக்கத்தையும் பேசுகிறேன். எங்கள் மேல் தப்பே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பொங்கலுக்குள் முடியுமா என்று முதலில் கேட்டது நான்தான். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, அதில் ஒருவர் "மார்ச்சுக்கு முன்னாடி தொட வேணாம் சார்" என்று சொன்னபோது, வேலை செய்யச் சோம்பல்படுகிறார் என்று நினைத்து அவரை விட்டுவிட்டேன். வந்து பார்த்துச் சொல்வதற்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். டாக்டர் நாடி பிடித்துவிட்டு மருந்து எழுதாமல் அனுப்பினாலும் பீஸ் கொடுக்கிறவர்கள், சுவரைப் பார்த்துவிட்டு "இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்கிறவருக்குக் கொடுப்பதில்லை. அதனால் எதையாவது பூசினால்தான் உங்களுக்கு வருமானம் என்று ஆகிவிட்டது. பார்வைக் கட்டணம் என்று தனியாக வாங்குங்கள். நான் கொடுக்கிறேன். ஆனால் பார்த்ததை எழுதிக் கொடுங்கள்.

எழுதிக் கொடுங்கள் என்பதில்தான் என் வங்கிப் புத்தி வருகிறது, மன்னிக்கவும். உங்கள் கேரண்டித் தாளை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கட்டட அசைவு, வெள்ளம், பிளம்பிங் கோளாறு, பக்கத்து வீட்டுக் கசிவு, நிலத்தடி நீர், இவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பல்ல என்று இருக்கிறது. தண்ணீர் வருவதற்கு வேறு என்ன வழி மிச்சம் இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். வெயிலால் ஓதம் ஏறினால் மட்டும் நீங்கள் பொறுப்பு போலிருக்கிறது. ஐந்து வருடம் வேண்டாம், இரண்டு வருடம் கொடுங்கள். எதற்குப் பொறுப்பு என்று தமிழில், நாலு வரியில் எழுதுங்கள்.

பில்லும் அப்படித்தான். துண்டுச் சீட்டில் "வாட்டர் ப்ரூஃபிங், 68,000" என்று கிறுக்கிக் கொடுத்தால், நான் அதை எங்கே கொண்டுபோவேன்? சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம்கூட இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டாலே வழி சொல்வார்கள். ஆனால் என்ன வேலை, எத்தனை சதுர அடி, எந்த மருந்து, எத்தனை கோட்டு என்று தாளில் இல்லாதபோது எதை நிரூபிப்பது? நான் மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக வேலை செய்கிறவருக்கும் அந்தத் தாள்தான் காவல்.

இன்ஷூரன்ஸும் உங்கள் பேனாவில்தான் இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை எல்லாக் கம்பெனிகளும் கொடுக்கின்றன. வெள்ளச் சேதம் அதில் வரும். திடீரென்று பைப் வெடித்தோ மேல்தொட்டி வழிந்தோ ஏற்பட்ட சேதமும் வரும். வருடக்கணக்காக ஊறிய கசிவு வராது. என்னிடம் பாலிசி இல்லை, அது என் முட்டாள்தனம். ஆனால் பாலிசி இருக்கிற வீட்டுக்கு நீங்கள் போகும்போது, சர்வேயர் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, "ஓதம் ரிப்பேர்" என்று பொத்தாம்பொதுவாக பில் எழுதினால், வர வேண்டிய பணமும் வராமல் போகும். ஈரம் எதனால் வந்தது என்ற ஒரு வரிதான் அங்கே பேசும்.

இப்போது மாடிவீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பாத்ரூமுக்கு வெளியே, நடையின் உட்கூரையில், ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. வெள்ளத்தோடு வந்த ஓதம்தான் மேலே ஏறியிருக்கிறது என்று உங்களில் இரண்டு பேர் அடித்துச் சொல்லி, இரண்டு முறை அதன்மேல் பூசினார்கள். இரண்டு முறையும் வட்டம் திரும்பி வந்தது. தரையிலிருந்து ஏறுகிற ஓதம் பத்தடி உயரத்தில், சுவரைத் தொடாமல், தளத்தின் நடுவில் எப்படிப் போய் உட்காரும்? மழையே இல்லாத மாதத்திலும் அது பெரிதாகிறது. மாடிவீட்டுப் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் மறுநாள் வட்டத்தின் ஓரம் கறுக்கிறது. பழைய அடுக்ககங்களில் பாத்ரூம் தளத்தை ஓரடி பள்ளமாக இறக்கி, பைப்புகளைப் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பி மூடியிருப்பார்கள், சங்கன் ஸ்லாப் என்பீர்களே அது. ஜாயின்ட்டில் கசிந்தால் அந்தப் பள்ளம் ஒரு தொட்டியாக நிறைந்து, நிறைந்த பிறகே கீழ்வீட்டுக்குச் சொட்டும். கீழேயிருந்து நான் எத்தனை கோட்டு அடித்தாலும் அது தொட்டியின் அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கிற கதைதான்.

அதை மேலேதான் சரிசெய்ய வேண்டும். மேலே இருப்பவர்கள் வெள்ளத்தில் மூன்று நாள் எங்களுக்குச் சோறு போட்டவர்கள். அந்த அம்மாள் தன் கட்டிலை என் மனைவிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். அவரிடம் போய், "உங்க பாத்ரூம் ஒழுகுது, டைல்ஸை உடைக்கணும்" என்று எந்த வாயால் சொல்வேன்? ஒருமுறை ஆரம்பித்தேன். "எங்க பக்கம் ஒண்ணும் இல்லைன்னு போன தடவை வந்த ஆளு சொன்னாரே" என்றார். அந்த ஆளை அனுப்பியதும் நான்தான், அவர் வந்தது பூசுவதற்காக, பார்ப்பதற்காக அல்ல. அன்றிலிருந்து படிக்கட்டில் பார்த்தால் இரண்டு பேருமே மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.

உங்களில் யாராவது ஒருவர் வாருங்கள். மாடி பாத்ரூமின் வெளிப்போக்கை அடைத்து, இரண்டங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, அதில் கொஞ்சம் கலர் கரைத்து, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அந்த இரண்டு நாளும் அவர்கள் குளிப்பதற்கு எங்கள் பாத்ரூம் இருக்கிறது, அதை நானே சொல்லிக்கொள்கிறேன். கலர் கீழே இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி, பார்த்ததைப் பார்த்தபடி ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பார்வைக் கட்டணம் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எடுத்து வைக்கிறேன். பூசுவதைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் மாடி ஏறுகிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரியில் ஒரு தரைத்தளத்துக்காரன்